இன்னொரு ஓட்டு வருமாம்

லண்டனில் இன்னொரு ஓட்டெடுப்பு நடந்துவிடக் கூடாது என்று மேல்விஷாரத்தில் உட்கார்ந்து வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

எங்கள் கம்பெனியில் மற்ற எல்லோரும் அது நடக்க வேண்டும் என்றே விரும்பினார்கள். ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து இங்கிலாந்துக்கு அனுப்புகிற கம்பெனி. ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதென்று அந்த நாட்டு ஜனங்கள் 2016இல் ஓட்டுப் போட்டதும் பவுண்டு விழுந்தது, எங்கள் ஆர்டரும் கம்மியானது. ஆனால் மூன்று வருஷம் ஆகப்போகிறது, விலகினபாடில்லை. ஜனங்களை மறுபடி கேட்டால் வேண்டாமென்று சொல்லிவிடுவார்கள், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். அதிகம் பேசியது எக்ஸ்போர்ட் செக்‌ஷன் சம்பத். கலவை என்ற ஊரிலிருந்து பைக்கில் வருகிறவர். சரக்கு வாங்குகிற லண்டன் பார்ட்டிகளின் மெயிலை எல்லாம் அவர்தான் படிப்பார்.

"வரும், எழுதி வெச்சுக்கோங்க. பார்லிமெண்ட்ல விலகுற ஒப்பந்தத்த நானூத்தி முப்பத்திரண்டு பேரு வேணான்னு போட்டுட்டான். வேற வழி? மறுபடி ஜனங்க கிட்டதான் போவணும்."

"வராது சார்," என்றேன்.

"இன்னா புஷ்ரா மேடம், உங்களுக்கு அங்க ஓட்டு இருக்குதா?"

"பந்தயம் கட்றீங்களா? அரைக்கிலோ மக்கன்பேடா."

"கட்டுங்க சார்," என்று என் எதிர் டேபிள் மோகனா சிரித்தாள். "தோத்தா சக்கரை வியாதி எங்களுக்குத்தான வரப்போவுது."

மோகனாவுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

என் கணவன் தௌசீப் 2012இல், கல்யாணமாகி ஏழாம் மாதம், படிக்கப் போகிறேன் என்று லண்டன் போனான். ஒரு வருஷத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றான். அடுத்த வருஷம் இந்தியா வந்தான். விஷாரத்துக்கு வரவில்லை. காரைக்கால் போய் அங்கே ஒரு பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டு அப்படியே திரும்பிப் போனான். பரம்பரையாக பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள குடும்பம். அந்தப் பாஸ்போர்ட் இருந்தால் ஐரோப்பாவில் எங்கும் இருக்கலாம், கட்டிக்கொண்டவனும் இருக்கலாம். இதெல்லாம் எனக்கு இரண்டு வருஷம் கழித்து ஃபேஸ்புக்கில் ஒரு போட்டோ மூலம் தெரிந்தது. தலாக் என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு விலகியிருந்தால் அவனுக்கு எவ்வளவு சௌகரியமாகப் போயிருக்கும். அத்தா வீட்டுக்கு வந்துவிட்டேன், கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன், அவ்வளவுதான்.

ஷூவுக்கான தோலில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு எல்லாம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எழுந்து வரும். சில்வர் பேனாவால் வட்டம் போடுவேன். அந்த வட்டத்தைப் பிறகு துடைத்துவிடலாம், பழுது அப்படியே இருக்கும். நான்கு வருஷமாக இதைச் செய்ததில் ஒன்றையும் மறக்காமல் இருப்பது எனக்குச் சுபாவமாகிவிட்டது.

அந்த ஜனவரியில்தான், 2019இல், மாமி ஹலீமா பீ ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்தார். தௌசீபின் அம்மா. நான்கு தெரு தள்ளி இருக்கிறார், ஆனால் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

"அவனுக்கு அங்க பேஜாராயிடுச்சும்மா. நாடு பிரிஞ்சா, அங்கயே இருக்கறதுக்கு அவன் பேருல புதுசா எழுதிப் போடணுமாம். வக்கீலு, மொத சம்சாரத்தை விட்டதுக்கு ஒரு பேப்பரு வேணும்ன்றானாம். காரைக்கால் நிக்காஹ்வுக்கு முன்னாடி தேதி போட்டு. ஜமாஅத் செகரெட்டரி மக்பூல் பாய் சீல் வெச்சுத் தரேன்றாரு, நீ கையெழுத்துப் போட்டா."

அந்த நிமிஷம் உடம்பில் ஓடியதைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். ஏழு வருஷத்தில் முதல்முறையாக அவனுக்கு என்னிடம் ஒன்று தேவைப்பட்டது.

"போடறேன் மாமி," என்றேன். "அவர் இங்க வந்து, எங்க அத்தா எதிர்ல என்கிட்ட கேக்கட்டும்."

பத்து நாள் கழித்து மாமி பதில் கொண்டுவந்தார். "அவசரமில்லன்னு சொல்றான். அங்க இன்னொரு ஓட்டு வருமாம். வந்தா பிரியவே மாட்டாங்களாம், பேப்பரே வேணாமாம். நீயும் துஆ பண்ணும்மா, உனக்கும் பேஜாரு இல்ல பாரு."

பண்ணினேன். ஐந்து வேளையும், மாமி கேட்டதற்கு நேர் எதிராக.

அவனை நான் நாசமாகப் போகச் சொல்லி வேண்டவில்லை. வரவேண்டும், என் எதிரில் நிற்கவேண்டும், கேட்கவேண்டும். கேட்டதும் முடியாது என்று சொல்லவேண்டும். அந்த ஒரு வார்த்தையை பஸ்ஸில், குளிக்கையில், டேபிளில் தோலைச் சாய்த்துப் பிடிக்கையில் சொல்லிப் பார்த்தேன். மெதுவாகச் சொல்வதா, சிரித்துக்கொண்டா. அவனுடைய முகம் எனக்குச் சரியாக நினைவில்லை, போட்டோவில் இருப்பது வேறு யாரோ தடித்த ஆள். ஆனால் கேட்டுவிட்டு நிற்கப்போகிற முகத்தை நான் நன்றாகப் பார்த்துவிட்டிருந்தேன்.

அந்த நாட்டு அரசியலை அவ்வளவு படித்தேன். எந்தக் கட்சி இன்னொரு ஓட்டு கேட்கிறது, எது மழுப்புகிறது என்று மோகனாவுக்கு டீ நேரத்தில் சொல்வேன். அவள் காதில் வாங்கிக்கொண்டே வடையைப் பிய்ப்பாள். "எங்க தொகுதி எம்.எல்.ஏ. பேரு தெரியுமா உனக்கு?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

மார்ச் முழுக்க ஓவர்டைம். இருபத்தொன்பதாம் தேதி விலகிவிட்டால் துறைமுகத்தில் சரக்கு நிற்குமென்று பயந்து லண்டன் பார்ட்டிகள் முன்கூட்டியே வாங்கிக் குவித்தார்கள். ஒருநாள் சம்பத் என் செக்கிங் ஷீட்டோடு வந்தார்.

"மேடம், ரெண்டு நாள் முன்தேதி வேணும். மாத்தலாம்னு பாத்தா மாத்த முடியல. தேதியக் கொண்டுபோய் கையெழுத்துக்குள்ள சொருகி வெச்சிருக்கீங்க."

"யாரும் மாத்தக் கூடாதுன்னுதான் சார்."

புது ஷீட் எடுத்து, கேட்ட தேதியைப் போட்டுக் கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. தேதியில் என்ன இருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதே வாரம் ஃபேஸ்புக்கில் ஒரு போட்டோ வந்தது. இன்னொரு ஓட்டு கேட்டு லண்டனில் பெரிய ஊர்வலம், பத்து லட்சம் பேர் என்று சொன்னார்கள். கூட்டத்தின் நடுவில் தௌசீப். ஐரோப்பிய யூனியனின் நீலக் கொடியை, மஞ்சள் நட்சத்திரங்களோடு, தோளில் துண்டு மாதிரி போர்த்தியிருந்தான். கையில் ஒரு அட்டை, ஜனங்களிடமே கேளுங்கள் என்று. பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. கீழே யார் யாரோ இதயம் போட்டிருந்தார்கள்.

மோகனா போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "இன்னாடி இவன், ஊர்வலமெல்லாம் போறான்?"

அத்தனை பேர் அன்றைக்கு நாட்டுக்காக நடந்தார்கள். ஒருத்தன் மட்டும் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கக் கூடாதே என்பதற்காக நடந்தான். அன்று ராத்திரி அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். அவன் ஓடிப்போனபோதுகூட இப்படி வலித்ததில்லை. அது என்னைப் பற்றி யோசிக்காமல் செய்தது. இது யோசித்துச் செய்தது.

ஏப்ரலில் பார்லிமெண்டில் இன்னொரு ஓட்டெடுப்பு வேண்டுமா என்றே வாக்கெடுத்தார்கள். காலையில் கம்பெனி பஸ்ஸில் போனைத் திறந்தேன். வேண்டும் 280. வேண்டாம் 292. பன்னிரண்டு பேர் வித்தியாசம். பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் எனக்காகக் கை தூக்கியிருக்கிறார்கள் என்று பைத்தியம் மாதிரி தோன்றியது. பக்கத்து சீட்டுப் பெண் என் சிரிப்பைப் பார்த்துவிட்டு, "யாருக்காவது கொழந்த பொறந்திருக்குதாக்கா?" என்று கேட்டாள்.

ஆனால் விலகும் தேதி தள்ளிப்போனது. அக்டோபர் என்றார்கள். அக்டோபரும் போனது. சம்பத் என் டேபிளைத் தட்டிவிட்டுப் போவார், "வருது மேடம், வருது." மாமி தெருவில் பார்த்தால் அதையே வேறு குரலில் சொல்வார். சில நாள் எனக்கே சந்தேகம் வந்தது, ஓட்டு வரவேண்டாம் என்கிறேனா அல்லது எதுவுமே முடியவேண்டாம் என்கிறேனா என்று. காலையில் கண் விழித்ததும் நினைக்க ஒருவன் இருந்தான். அதை மோகனாவிடம்கூடச் சொல்லவில்லை.

டிசம்பரில் அங்கே தேர்தல் வைத்தார்கள். விலகியே தீருவோம் என்ற கட்சி பெரிதாக ஜெயித்தது. பதிமூன்றாம் தேதி டீ நேரத்தில் சம்பத் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "முடிஞ்சுது மேடம். இனிமே வராது. பேடா பொங்கலுக்கு."

சரியாகப் பன்னிரண்டாம் நாள் மாமி வந்தார். பேரீச்சம்பழம் இல்லை. "வரான்," என்றார்.

ஜனவரி பதினேழாம் தேதி ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தார்கள். தௌசீப், மாமி, சீல் பெட்டியோடு மக்பூல் அகமது பாய். காலையில் எந்தத் துப்பட்டா போடுவது என்று மூன்றை எடுத்துப் படுக்கையில் போட்டிருந்தேன். அப்படிப் போட்டு நிற்கிற என்னைக் கண்ணாடியில் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற பழுப்பு நிறத்தையே எடுத்துக்கொண்டேன்.

சம்பத் கொடுத்த மக்கன்பேடாவைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். தௌசீப் ஒன்றை எடுத்துக் கடித்தான். முன்தலை வழுக்கை. பயணக் களைப்பு.

"இதெல்லாம் சாப்டு எத்தன வருஷமாச்சு," என்றான். "இன்னா விசேஷம்?"

"ஒரு பந்தயத்துல ஜெயிச்சேன்."

"எதுக்கு பந்தயம்?"

"சாப்பிடுங்க."

சாப்பிட்டான். அவன் மெல்லுவதை முடிகிறவரை பார்த்தேன்.

அத்தா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மக்பூல் பாய் தொண்டையைச் செருமி, "கேளு தம்பி, வந்ததக் கேளு," என்றார். தௌசீப் எழுந்து நின்றான். நான் நினைத்து வைத்திருந்த முகம் இல்லை அது. விசா ஆபீஸ் வரிசையில் நிற்கிறவனின் முகம்.

"புஷ்ரா, நான் செஞ்சது தப்புதான். எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது. நீ ஒரு கையெழுத்துப் போட்டா..."

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. அவர்களுக்கு அம்மாவின் பாஸ்போர்ட். அதையும் நான் படித்திருந்தேன்.

காகிதத்தை நீட்டினான். முடியாது என்ற வார்த்தை ஒரு வருஷமாக நாக்கில் இருந்தது. சொல்லப் போகும்போதுதான் தேதியைப் படித்தேன். 14.12.2012 அன்று தலாக் கொடுத்ததாகவும், அன்றிலிருந்து அவனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதை நான் ஏற்பதாகவும் டைப் அடித்திருந்தது. கீழே அவன் கையெழுத்து.

அந்த டிசம்பர். மாமி பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த டிசம்பர்.

"மாமி," என்றேன். "அந்த மாசம் உங்களைத் தூக்கிக் குளிப்பாட்டினது யாரு?"

மாமி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பெட்பேன் எடுத்தது யாரு? சொல்லுங்க. இந்தப் பேப்பர்படி நான் அன்னைக்கு உங்களுக்கு யாரோதான. யாரோ ஒரு பொம்பள எதுக்கு உங்க வீட்ல இருந்தா?"

"புஷ்ரா, அதெல்லாம் இப்ப எதுக்கு..." என்றான் தௌசீப்.

முடியாது என்று சொன்னால் இவன் போய்விடுவான். வேறொரு பொய்யைத் தேடிக்கொள்வான், நான் மறுபடி காத்திருக்க வேண்டும். அது புரிந்ததும் மனம் சில்லென்று ஆகிவிட்டது. அவனிடம் பேனா கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஆவலாக எடுத்துக் கொடுத்தான்.

டைப் அடித்த தேதியை ஒரே கோட்டால் அடித்தேன். மேலே 17.1.2020 என்று எழுதினேன். கீழே கையெழுத்து, கடைசிச் சுழிக்குள் தேதியின் எண்கள் நுழையும்படி, கம்பெனியில் போடுவது போலவே.

"இந்தாங்க. கேட்டீங்க, கொடுத்துட்டேன்."

அவன் படித்தான். காகிதத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தான். நான் தோலைப் பிடிக்கிற மாதிரியேதான். எங்கேயாவது மாற்ற இடமிருக்கிறதா என்று தேடினான்.

"இது உதவாது," என்றான். குரல் இறங்கியிருந்தது. "இதக் காட்டினா அந்த நிக்காஹ்வே..."

"தெரியும். அன்னைக்கு நான் உங்க பொண்டாட்டி. இன்னி வரைக்கும்தான். ஏழு வருஷம் எட்டு வருஷம் நான் இருந்ததை நீங்க அடிச்சு எழுத முடியாது."

மக்பூல் பாய் ஸ்டாம்ப் பேடைத் திறந்து வைத்துக்கொண்டு அவனையும் என்னையும் பார்த்தார். "அப்ப இதுக்கு சீல் வெக்கவா, வேணாமா?"

"வேணாம்," என்றான் தௌசீப்.

"வெய்ங்க பாய்," என்றார் அத்தா. அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

சீல் விழுந்தது. தௌசீப் அவசரமாகப் பையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்தான். அதே எழுத்து, அதே தேதி. பத்திரத்துக்கு இரண்டாக அடித்துக்கொண்டு வந்திருக்கிறான். அதை என்னிடம் நீட்டினான்.

"இன்னொரு காப்பி இருக்குது. யோசிச்சுப் பாரு. இன்னொரு தடவ போடு புஷ்ரா. ஒரே ஒரு தடவ."

அவனுடைய பேனாவை மூடி, தட்டில் மிச்சமிருந்த பேடாக்களுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஒரு தடவதான்," என்றேன்.