லாக் புக்கின் கடைசிப் பக்கம்

என் வீட்டுக்காரர் ஜெபகுமாருக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கன்ட்ரோல் ரூம் வேலை. எதையும் நேரம் போட்டு எழுதாவிட்டால் அவருக்கு நம்பிக்கை வராது. எங்கள் எட்டு வயது மகள் ஷெரின் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று பள்ளியில் சொன்னதும், வீட்டிலும் ஒரு லாக் புக் போட்டார். “4.10 எழுந்தாள். 4.13 ஓடினாள். 4.15 பென்சிலைக் கடித்தாள்.” எழுதிவிட்டுக் கத்துவார், கத்திவிட்டு எழுதுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஷெரினைக் காட்டப் போனபோது, செங்கல்பட்டில் டாக்டரம்மா அந்த லாக் புக்கைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் ஷெரினின் கோணல் எழுத்து: “5.00 அப்பா எழுந்தார். 5.02 அப்பா கத்தினார். 5.05 அப்பா நடக்கிறார்.” ஆறு மணி வரை வரிவரியாக இருந்தது.

“ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதியிருக்காளே சார்!” என்றார்.

ஜெபகுமார் விருட்டென்று எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஷெரின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் பென்சில் கேட்டாள்.