ஜேபெஸின் கொப்புளங்கள்

1777ஆம் ஆண்டு பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. நியூ ஜெர்சிக் குன்றுகளின்மீது பனியும் மழையும் கலந்து சாய்வாகப் பெய்துகொண்டிருந்தன. கர்னல் லாம்ப்சன் தங்கியிருந்த பண்ணைவீட்டின் கூடத்தில், அமெரிக்க விடுதலைப் படையினரின் துணி துவைக்கும் கெஸையா ஹால்ஸி ஈரப் பாவாடையோடு நின்றாள். அன்று நண்பகலில் அவள் கணவன் ஜேபெஸுக்கு நூறு கசையடி. காய்ச்சலில் கிடப்பவன் அதில் பாதியைக்கூடத் தாங்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும், கர்னலுக்கும் தெரியும்.

குற்றம் எளியது. பெரியம்மை கண்டவனின் கொப்புளத்திலிருந்து ஊசிமுனையளவு சீழெடுத்துத் தொடையில் கீறி ஏற்றிக்கொண்டால், நோய் பெரும்பாலும் இலேசாக வந்து போய்விடும். பிறகு ஆயுள் முழுதும் அண்டாது. படையில் அதற்குத் தடை இருந்தது. தடைக்குக் காரணமும் இருந்தது: ஏற்றிக்கொண்டவனுக்கு இலேசாக வருவது, அவனிடமிருந்து தொற்றிக்கொள்பவனுக்கு இலேசாக வராது. இருந்தும் மீறியவர்கள் ஏராளம். ஜேபெஸின் பிழை அதற்குப் பிறகு நேர்ந்தது. குளிரில் நால்வர் முதுகோடு முதுகொட்டி ஒரே போர்வைக்குள் உறங்குவதே படையினர் தங்கியிருந்த களஞ்சியத்தின் வழக்கம். ஒதுங்கிப் படுத்தால் பிடிபடுவோம் என்றஞ்சி, கொப்புளம் எழும்பிய பிறகும் அவன் அந்தப் போர்வைக்குள்ளேயே கிடந்தான்.

ஊசி தன்னுடையது, கீறியதும் தானே என்று கெஸையா சொன்னாள்.

"பொம்பளைய அடிக்க எனக்கு உத்தரவு இல்லம்மா," என்றார் கர்னல். "மேளம் அடிச்சு முகாமை விட்டுத் துரத்தத்தான் உத்தரவு இருக்கு. அது வேணுமா?"

"அவரு உயிரோட இருந்தா துரத்துங்கய்யா. ரெண்டு பேருமா நடந்தே போயிடுறோம்."

அப்போது படைமருத்துவர் பெலெக் வின்ஸ்லேட் தொப்பியை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். படை முழுவதற்கும் அம்மை குத்தும்படி, எதிரியின் காதுக்கு எட்டாமல் குத்தும்படி, ஞாயிற்றுக்கிழமை தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. எதிரிகளான இங்கிலாந்து அரசரின் சிப்பாய்களில் பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே அம்மை கண்டு போயிருந்தது. தொலைதூரப் பண்ணைகளில் வளர்ந்த இவர்களுக்கு அது புதிது. சென்ற ஆண்டு கனடாவிலிருந்து பின்வாங்கிய வழியெங்கும் இவர்கள் புதைத்தவர்களில் குண்டுபட்டவர்கள் குறைவு.

ஏற்றுவதற்கு நல்ல சீழ் வேண்டும் என்றார் மருத்துவர். மருத்துவமனையாக்கிய தேவாலயத்தில் கிடக்கும் மற்றொரு நோயாளிக்கு உடலெங்கும் கறுத்துவிட்டது. அவனிடமிருந்து எடுக்க அவர் துணியவில்லை. இலேசாகக் கண்டு, பக்குவமாக முற்றிய கொப்புளங்கள் ஜேபெஸிடம் மட்டுமே இருந்தன.

"இன்னிக்கு அவனை அடிச்சா எனக்குப் பொணந்தான் மிஞ்சும். பொணத்துலேருந்து எடுத்ததை உங்க கையில ஏத்த எனக்கு மனசு வராது, கர்னல்."

"என் கையிலயா?"

"உங்களுக்கும் இன்னும் வந்ததில்லையே."

கர்னல் தம் முழங்கையைச் சட்டைமேலேயே சற்றுத் தடவினார். பிறகு, அந்தப் போர்வையின் மற்ற மூவரைப் பற்றி விசாரித்தார். நோய் அவர்களுக்குள் ஏற்கெனவே இறங்கியிருக்கும் என்றார் மருத்துவர். உடனே குத்தினால் சிலர் தப்பலாம், உறுதி சொல்ல முடியாது. பார்த்துக்கொள்ளத்தான் ஆளில்லை, அந்தப் பக்கமே யாரும் போவதில்லை.

"நான் போறேன்," என்றாள் கெஸையா. "எனக்கு ஆறு வயசுலயே வந்துட்டுப் போயிடுச்சு." அதை அவள் முகத்துத் தழும்புகளே சொல்லின.

கர்னல் எழுத உட்கார்ந்தார். ஒரு சொல்லைக் கத்தியால் சுரண்டி எடுத்து, வேறொன்றை எழுதினார். அவளுக்கு வாசிக்கத் தெரியாததால் உரக்கப் படித்தார்: இன்று அடி இல்லை. மூவரும் பிழைத்தால் தண்டனை இரத்து. ஒருவன் இறந்தாலும், ஜேபெஸ் எழுந்து நிற்கத் தொடங்கியதும் நூறும் குறைவின்றி நிறைவேறும்.

"மூணு பேருல ஒருத்தரு போனாலுமா, ஐயா?"

"அவங்களுக்கும் வீட்டுல பொண்டாட்டி இருக்காம்மா. நான் அவளுங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

மருத்துவர் சன்னலருகே கத்திமுனையைச் சோதிக்கத் தொடங்கியிருந்தார். கர்னல் கையெழுத்திட்டு, மையின்மேல் மணல் தூவி, தட்டிவிட்டு, தாளை அவளிடம் நீட்டினார். கெஸையா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கிக்கொண்டாள்.