பெயர்கள் ஓடும்போது வரும் பாட்டு

நீவெஸ் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளியிருந்தாள். ரோமில் மே மாதம். ஏசி போட்டும் ஸ்டுடியோ அரங்கில் புழுக்கம். தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பாடலுக்கான பட்டியலில் அவள் பெயர் வருவது இது ஆறாவது முறை. ஐந்து முறையும் மற்றவர்களுக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனவள்.

பக்கத்தில் எர்மேத்தே. மெட்டு அவன், வரிகள் அவள். பதினான்கு வருடம் கணவன் மனைவி, பிரிந்து ஒன்பது வருடம். வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள், நண்பர்களைப் பிரித்துக்கொண்டார்கள். பாட்டைப் பிரிக்க மட்டும் வழி தெரியவில்லை.

அவர்கள் பாடல்கள் எல்லாம் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது வருபவை. ஜனங்கள் கோட்டை மாட்டிக்கொண்டே, சாவியைத் தேடிக்கொண்டே கேட்பவை. பிப்ரவரியில் ஒரு தியேட்டரின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டாவது சரணம் வந்தபோது அவளையும், துடைப்பத்தோடு நின்ற ஒரு பெண்ணையும் தவிர அங்கே யாரும் இல்லை. இனி எழுதுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். எர்மேத்தேயிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. போன வருடம்தான் அவனுக்கு இதய ஆபரேஷன் நடந்தது. மெட்டுப் போடுவதையும் விட்டால் இவன் என்னதான் செய்வான்?

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"காலையில ஒரு காப்பி."

"டாக்டர் என்ன சொல்லி அனுப்பினாரு?"

"நீ டாக்டர் இல்லன்னு சொல்லி அனுப்பினாரு."

அப்போது மேடையில் அவர்கள் பெயரைப் படித்தார்கள். நீவெஸ் காலால் துழாவிச் செருப்பைத் தேடி எழுந்தாள். பேச நாற்பது வினாடி என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அவள் காகிதத்தைப் பிரிப்பதற்குள், எந்த மேடையிலும் வாய் திறக்காத எர்மேத்தே மைக்கைப் பிடித்துக்கொண்டான்.

"வரியெல்லாம் இவளோடது. இருபத்திமூணு வருஷமா இவளைத் தொந்தரவு பண்ணிட்டேன். போதும். இதுதான் கடைசிப் பாட்டு. எனக்கு அலுத்துப்போச்சு."

வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்து அரங்கமே சிரித்தது. நீவெஸ் சிரிக்கவில்லை. மேடைக்குப் பின்னால் வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"எங்கிட்ட சொல்லாம ஊருக்கே சொல்றியா?"

"உங்கிட்ட சொல்லத்தானே பயம். நீ எழுதாம எப்படி இருப்பியோன்னு நாலு மாசமா மென்னு முழுங்கிட்டு இருக்கேன்."

"நான் பிப்ரவரியிலயே விட்டுட்டேன், மடையா. உனக்காகத்தான் இழுத்துக்கிட்டு இருந்தேன்."

அவன் அவளையே பார்த்தான். "அப்ப அந்தப் புதுப் பாட்டு? மூணு மாசமா முட்டி மோதினோமே?"

"அது நல்லாவே இல்ல."

"இல்லதான்."

இருவரும் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது அவளுக்கு உடம்பெல்லாம் கனத்தது. ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமைதானே எப்பவும் எழுத உக்காருவோம்," என்றாள். "இனி அன்னிக்கு என்ன பண்ணுவ?"

"தூங்குவேன். நீ?"

"நானும்தான்."

அவன் விருதை அவள் மடியில் வைத்துவிட்டு, டாக்சி பிடிக்க வெளியே போனான். அவளை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்துமுன், "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு," என்றான். சரி என்று தலையாட்டினாள். வண்டி முதல் சிக்னலைத் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள்.