சேவலின் கழுத்து இறகு

பிரம்மநாயகம் கடைசியாக மிச்சமிருந்த பூச்சியையும் பிளேடால் பிரித்துவிட்டார்.

செம்பூர் ஆலை ஒன்றில் லேத் ஓட்டுகிறவர் அவர். அங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய வெள்ளைக்கார இஞ்சினியர், தன் தூண்டில் கோலையும் ஒரு தகர டப்பாவையும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். டப்பாவில் பன்னிரண்டு பூச்சிகள். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சிகள். தண்ணீர்மேல் மிதக்கும், மீன் நிஜமென்று நம்பிக் கவ்வும். ஞாயிறுதோறும் பவாய் ஏரிக்குப் போய், மரக்கிளைக்கும் பாசிக்குமாகப் பதினொன்றைத் தொலைத்தாயிற்று. வெளிநாட்டுச் சாமான் லேசில் கிடைக்காத காலம். இனி தானே கட்டினால்தான் உண்டு.

"இருந்த ஒண்ணையும் பிச்சாச்சா?" என்றாள் மனைவி பேராச்சி.

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எப்படிக் கெட்டுறது?"

உள்ளே பட்டு நூல், ஏதோ மிருகத்தின் மயிர், இழை அளவு சரிகை, முன்பக்கம் சுற்றிய ஓர் இறகு. அவ்வளவுதான்.

மயிருக்கு அலையவேண்டியிருக்கவில்லை. தாராவித் தோல் கிடங்குகளில் ஆட்டு மயிர் குவிந்து கிடந்தது. முதுகு மயிர் நூலில் நிற்காமல் வழுக்கியது. அதற்கடியில் பஞ்சுபோல் இருந்ததைத் திரித்தபோது முள்ளோடு ஒட்டிக்கொண்டது. பட்டு நூலையும் சரிகையையும் அடுத்த வீட்டு ராபியா கொடுத்தாள். கடையநல்லூர்க்காரி; கடைகளுக்குச் சேலையில் சரிகை வேலை செய்து கொடுப்பவள். புருஷன் ஹமீது, இவர்கள் குடிவருமுன்பே கப்பல் வேலைக்குப் போனவன்.

இறகுதான் வாய்க்கவில்லை. கோழிக்கடையில் பொறுக்கி வந்தவற்றைக் கட்டிக் கட்டி வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். பெட்டைக்கோழி இறகு நனைந்த துணியாகச் சுருண்டது. வெள்ளைச் சேவலின் இறகு இரண்டு நிமிடம் மிதந்து முழுகியது. பிரித்த பூச்சியில் இருந்ததுபோல முற்றின சேவலின் கழுத்து இறகு வேண்டும். ஒல்லியாக, விறைப்பாக, ஈரம் ஒட்டாததாக.

அப்படி ஒரு சேவல் ராபியா வீட்டு வாசலிலேயே உலாத்தியது. வெயில் பட்டால் அதன் கழுத்து செம்புக் கம்பி மாதிரி மின்னும். பிரம்மநாயகம் ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்தார். நாலாவது நாள் ராபியா கேட்டுவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, எங்க சேவலை அப்படிப் பாக்கிய?"

அவர் வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னார்.

"அது நேந்து விட்டது அண்ணாச்சி. அவுக நல்லபடியா வந்து இறங்குன அன்னிக்கு அறுக்கணும். காயிதம் வந்து நாலு மாசமாச்சு."

அதற்குப்பின் அவர் சேவல் இருந்த பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார். அதைப் பார்த்தால் அவள் காத்திருப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ராபியாவே கூப்பிட்டாள். சேவலை மடியில் அமுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"கத்திரி எடுத்துட்டு வாங்க. தோலு படாம நறுக்கிக்கிடுங்க."

"நேந்தது இல்லியா, தாயி?"

"நேந்தது உசிரைத்தான். நாலு இறகுக்கு அல்லா கோவிக்க மாட்டான். எனக்கும் சும்மா காத்துக்கிட்டே இருக்க முடியல அண்ணாச்சி. யாருக்காவது ஒண்ணு செஞ்சோம்னு இருக்கட்டும்."

எட்டு இறகு நறுக்கினார். ஒவ்வொன்றையும் விரலால் தோலைவிட்டு விலக்கிப் பிடித்துக்கொண்டார். சேவல் கிடுகிடுவென்று உதறிவிட்டு இறங்கிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் அந்தப் பூச்சி அலைமேல் ஏறி இறங்கி உட்கார்ந்தே இருந்தது. மூன்றாம் வீச்சில் ஒரு கெண்டை, கை நீளம்கூட இல்லை, தாவிக் கவ்வியது. நான்கு மாதத்தில் இதுதான் முதல் மீன். வீட்டுக்குக் கொண்டுவந்து பேராச்சியிடம் கொடுத்து, குழம்பில் பாதி ராபியாவுக்குப் போகவேண்டும் என்றார்.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். கறுத்து மெலிந்த ஒருவன், கையில் செய்தித்தாள் பொட்டலம்.

"பிரம்மநாயகம் அண்ணாச்சி வீடுதானே? நான் ஹமீது. ராபியா இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னா."

பிரித்தார். உப்புத் தடவி உலர்த்திய சேவலின் கழுத்துத் தோல். நறுக்கிய எட்டு போக இறகு அத்தனையும் அப்படியே இருந்தது. விரலால் ஒருமுறை நீவிப் பார்த்தார்.

"உள்ள வாங்க தம்பி. வார ஞாயித்துக்கிழமை என்கூட ஏரிக்கு வாங்களேன்."

ஹமீது சிரித்தான். "தண்ணியைப் பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு அண்ணாச்சி. ஆறு மாசத்துக்கு நான் தரையை விட்டு நகர மாட்டேன்."

பேராச்சி டீ போடப் போனாள்.