மாதிரிப் படகின் ஆணிகள்

படகு கட்டும் முத்தலிப் ஓடாவிக்கு முழக் கணக்கில்தான் வேலை தெரியும். ஒரு சாண் உயரத்தில் படகு செய்து கொண்டு வா என்று விசாரணை ஐயா சொன்னபோது, கிண்டல் பண்ணுகிறாரோ என்றுகூட நினைத்தார். கிண்டல் இல்லை. அவர் கட்டிக் கொடுத்த படகு கொட்டியாரக் குடாவில் மூழ்கி, இரண்டு பேர் மௌத்தாகி இருபது நாளாகியிருந்தது. படகின் ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை. பலகைகளை எப்படிப் பொருத்தினார் என்பதை இனி மாதிரியில்தான் பார்க்க வேண்டும்.

இறந்தவர்களில் ஒருவன் படகுக்காரன் ஸைனுலாப்தீன். முத்தலிப்பின் மனைவி நஜ்முன் நிஸாவுக்கு ஒரே தம்பி. மற்றவன் மூதூரிலிருந்து பட்டணத்துக்குத் துணி எடுக்கப் போன ஜெமீல், ஸல்ஹாவின் மகன். படகு மூழ்கிய இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீருக்கடியில் ஒரு கல்பார் இருந்தது. ஊருக்கு அது போதாதா? ஸைனுலாப்தீன்தான் படகைக் கல்லில் ஏற்றிவிட்டான் என்று கதை கட்டிவிட்டார்கள். செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லையே.

“அவன் அந்தக் கல்லைக் கண்ணைக் கட்டிக்கொண்டும் தாண்டுவான்” என்றாள் நஜ்முன் நிஸா. “உங்கட படகிலயும் குறையில்ல, அவன்லயும் குறையில்ல. காத்துத்தான். சின்னப் படகைச் செய்து அந்த ஐயாவுக்குக் காட்டுங்க.”

பெரிய சுத்தியலோடு சின்னப் படகு செய்ய ஏலாது. பட்டணத்தில் மணிக்கூடு திருத்தும் ஹெக்டர் கப்பல் மாதிரிகளும் செய்வான். வெள்ளைக்காரனின் கடற்படை இருந்தவரை மாலுமிகள் அவனிடம்தான் வாங்குவார்கள். அவர்கள் போய் எட்டு வருடமாகியும் அவன் அந்தப் பழக்கத்தை விடவில்லை. முத்தலிப் கேட்டதும், துணி விரித்து மூன்று சாமான்களை எடுத்து வைத்தான். தட்டான் கையாளுவது போன்ற குட்டிச் சுத்தியல் ஒன்று. விரல் நீளத் துறப்பணம் ஒன்று. மூன்றாவது, நுனிக்குழாயில் ஆணியை வைத்து உள்ளங்கையால் அமுக்குகிற மரக் கைப்பிடி.

“சுத்தியலால அடிச்சா பலகை நுனி பிளக்கும், முத்தலிப் நானா. துறப்பணத்தால முதல்ல துளை போடுங்க, பிறகு கைப்பிடியால ஆணியை அமுக்குங்க. பெரிய படகிலயும் துளை போட்டுத்தானே அடிச்சனீங்க?” என்றான் ஹெக்டர்.

“ஓம், ஓம்.” ஒரு ஓம் போதுமான இடத்தில் முத்தலிப் இரண்டு சொன்னார்.

“அப்ப சுத்தியல் தேவையில்ல.”

“இருக்கட்டும், அதையும் தாங்க.”

மூன்று நாள் முற்றத்து நிழலில் குந்தியிருந்து வேலை செய்தார். துளை, ஆணி, அமுக்கு. வேலை கண்ணாடி போல வந்தது. முன்பக்கத்துக் கடைசிப் பலகை வந்தபோது கை நின்றுவிட்டது.

பெரிய படகில் அந்த இடத்தில்தான் துறப்பணத்தின் ஊசி முறிந்தது. புது ஊசிக்குப் பட்டணம் போக வேண்டும். வாடைக் காற்று தொடங்குவதற்குள் படகை இறக்க வேண்டும் என்று மச்சான் ஸைனுலாப்தீன் பக்கத்தில் நின்று பறந்துகொண்டிருந்தான். ஏழே ஏழு ஆணி. துளை போடாமலே அடித்தார். நுனி மெல்ல வெடித்தது. வெடிப்பில் தேங்காய்த் தும்பை அடைத்துத் தார் பூசினார். அது போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இவ்வளவு நாளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது சுத்தியலை எடுத்து, அதே ஏழு ஆணிகளை அதே மாதிரி அடித்துப் பார்த்தார். நாலாவது ஆணியில் வெடிப்பு ஓடியது. தும்பும் தாரும் வைத்து, காயவிட்டு, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி இரண்டு தரம் ஆட்டினார். பலகை கையோடு கழன்று வந்தது. முத்தலிப் குசினிக்குப் போய் அந்தப் பலகையை அடுப்பில் போட்டார்.

“பிழையாப் போச்சா?” என்றாள் நஜ்முன் நிஸா.

“பலகை சரியில்ல” என்றார். திரும்பி வந்து புதுப் பலகைக்குத் துளை போடத் துறப்பணத்தை எடுத்தார். மனுசன் கோழைதான், வேறென்ன சொல்ல?

விசாரணை ஐயா மாதிரியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இப்படித்தான் முழுப் படகையும் செய்தீர்களா?” என்று கேட்டார்.

“ஓம் ஐயா.”

படகில் குறை இல்லை, ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள்.

நஜ்முன் நிஸா அழவில்லை. “அப்ப என்ட தம்பிதான் அந்தப் புள்ளை ஜெமீலைச் சாகடிச்சிருக்கிறான்” என்று மட்டும் சொன்னாள். ஒருவருக்குச் செய்த பிழையை அவர் வீட்டார் மன்னித்து மாப்புக் கொடுக்காவிட்டால், பிழை செய்து மௌத்தானவனுக்குக் கபுறுக் குழியில் நிம்மதி இல்லை என்பது அவள் நம்பிக்கை. மறுநாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு முக்காட்டைப் போட்டாள். “ஸல்ஹா ராத்தாட்ட போவம். ஆம்பிளை ஒருத்தர் கூட வரணும்.”

ஸல்ஹா பாய் விரித்து இருத்தினாள். நஜ்முன் நிஸா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “என்ட தம்பிக்கு மாப்புக் குடுங்க, ராத்தா. அவன் வேணுமெண்டு செய்யல்ல. சின்னதில இருந்து அவனுக்கு அவசரம்தான்.” இல்லாத பிழைக்கு அவள் காரணமும் தேடிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தரை பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது முத்தலிப்புக்கு.

ஸல்ஹா வெகுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். “குடுத்திட்டன். அவர்ர கபுறு வெளிச்சமாகட்டும்.” முத்தலிப்பைப் பார்த்தாள். “நீங்க கட்டின படகு எண்டபடியாத்தான், தம்பி, பயமில்லாம அனுப்பினனான்.”

“அவன்ல பிழையில்ல, ராத்தா.” குரல் தன்னுடையதா என்று முத்தலிப்புக்கே தெரியவில்லை. “முன்பலகைக்கு நான் துளை போடல்ல. வெடிச்சது தெரிஞ்சும் தாரைப் பூசி மூடினனான். விசாரணையில பொய் சொன்னனான். மாப்பு எனக்குத்தான் வேணும்.”

அவர் பக்கத்தில் இருந்த நஜ்முன் நிஸா எழுந்தாள். வெளியே போகவில்லை. எதிர்ப்பக்கம் போய் ஸல்ஹாவோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

“ஸைனுலாப்தீனுக்குக் குடுத்தது அவருக்குத்தான்” என்றாள் ஸல்ஹா. “உங்களுக்குக் குடுக்க என்னட்ட இல்ல. எழும்பிப் போங்க.”

முத்தலிப் எழுந்து மனைவியைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு தனியே வீதியில் இறங்கினார்.