பட்டியலில் நான்காவது வரி

எங்கள் ஆய்வகத்துக்குச் சீல் வைத்த சுகாதார ஆய்வாளர் கெட்டவர் இல்லை. புதுச் சட்டப்படி கருத்தரிப்பு மையங்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் டாக்டர் பழைய படிவத்தில் விண்ணப்பித்துத் தொலைத்தார். ஆய்வாளர் அறையில் இருந்ததையெல்லாம் பட்டியல் எடுத்து, கதவைப் பூட்டி, அரக்கு வைத்து, நகல் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே திரவ நைட்ரஜன் ஊற்றிய பெரிய பாத்திரம், அதில் உறைந்த கருக்கள். நைட்ரஜன் தன்பாட்டுக்கு ஆவியாகிக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை மர ஸ்கேலை விட்டு அளந்து ஊற்றுவது என் வேலை. ஊற்றாவிட்டால் பதினான்கு நாள் தாங்கும். என் அக்காவின் கருக்கள் இரண்டும் அதற்குள்தான். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. இனி கருமுட்டை எடுக்க வழியில்லை என்று டாக்டர் கைவிரித்தாயிற்று.

விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. கரு மனிதரா பொருளா என்று இரண்டு வக்கீல்களும் நான்கு நாள் வாதாடினார்கள். பொருள் என்றால் பறிமுதல் செல்லும், மனிதர் என்றால் சட்டவிரோதக் காவல். நீதிபதி ரசித்துக் கேட்டார்.

"சார், முதல்ல நைட்ரஜன் ஊத்த அனுமதி கேளுங்க," என்றேன் எங்கள் வக்கீலிடம்.

"கேட்டா, பொருள்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா."

அரசு வக்கீலும் மசியவில்லை. ஊற்றவிட்டால் உயிர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். நீதிபதி மூன்று வாரம் தள்ளிவைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்கேலாலேயே மூவருக்கும் நாலு போட்டிருப்பேன். அதுவும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாம் நாள் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நாற்காலி மூன்று. நுண்ணோக்கி ஒன்று. குளிர்சாதனப் பெட்டி ஒன்று. நான்காவது வரி: எரிவாயு சிலிண்டர் ஒன்று.

பாத்திரத்தைத்தான் அப்படி எழுதியிருந்தார் மகராசன். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன்.

"ஜன்னலே இல்லாத அறையில சிலிண்டரை வச்சுப் பூட்டியிருக்கிறதா அரசாங்கப் பட்டியல்லயே இருக்குங்க."

ஒரு மணி நேரத்தில் தீயணைப்பு அதிகாரி வந்துவிட்டார். ஆய்வாளரையும் வரவழைத்து, கதவைத் திறந்து சிலிண்டரை வெளியே எடுக்கச் சொன்னார்.

"உள்ள இருக்கிறது சிலிண்டர் இல்லைங்க, கரு," என்றார் ஆய்வாளர்.

"அப்ப எதுக்குங்க சிலிண்டர்னு கையெழுத்துப் போட்டீங்க? பட்டியல் தப்புன்னு எழுதிக் கொடுங்க, நான் கிளம்பறேன்," என்றார் அதிகாரி.

பட்டியல் தப்பென்றால் சீலும் செல்லாது. ஆய்வாளர் பையிலிருந்து சாவியை எடுத்தார். பிறகு அரக்கை உடைத்தார்.

பாத்திரத்தைக் காற்றோட்டமான வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். ஸ்கேலை விட்டேன், மூன்று விரற்கடை மிச்சம். நீதிமன்றம் பேசியதெல்லாம் கருவைப் பற்றி. சிலிண்டரைப் பற்றி யாரும் எந்த உத்தரவும் போடவில்லை. வாங்கி வைத்திருந்த நைட்ரஜனை விளிம்புவரை ஊற்றினேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"கோர்ட்ல என்னடி சொன்னாங்க? மனுஷங்களா, பொருளா?"

"இன்னும் முடிவாகலக்கா. இப்போதைக்கு கேஸ் சிலிண்டர்."

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

"எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும்டி. நீ வேளாவேளைக்கு ஊத்து."