எல்லாம் சரியாக இருந்த சைக்கிள்

...நல்ல தார் ரோடு இருக்கும்போது உன் புருஷன் ஏன் கால்வாய்ப் பக்கம் போனான் என்று கேட்டானே அந்தப் போலீஸ்காரன், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டு வேறு நின்றானே, அவனிடம் என்னத்தைச் சொல்வது, மீசைகூடச் சரியாக முளைக்காத முகம், ஊருக்குப் புதிது, கெட்டவன் என்றும் சொல்ல முடியாது, கிடங்கிலிருந்து சைக்கிளை அவனே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தான், "எல்லாம் சரியா இருக்கு பாரு, மணி, முன் விளக்கு, பின் விளக்கு, சக்கரத்துல மின்னுற வில்லை, ஒண்ணும் குறையில்ல" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான், ஹய்னல்காவுக்கு அந்தப் படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. அழவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஜிப்சிப் பெண் அழுதால் அதற்கும் ஏதாவது ஒரு சட்டம் வைத்திருப்பார்கள்.

இப்போது அவள் ஒரு பக்கம் பிடித்துத் தள்ள, மகள் வனெஸ்ஸா மறுபக்கம் பிடித்துக்கொண்டு வருகிறாள், பனி உருகி ரோடெல்லாம் சகதி, அவனைப் புதைத்து வந்த பிறகு இன்றைக்குத்தான் இருவரும் தெருவைத் தாண்டி வெளியே வந்திருக்கிறார்கள், திங்கட்கிழமை இவள் மறுபடி பள்ளிக்கூடம் போக வேண்டும், தெருவுக்குப் பஸ் வராது, இவ்வளவு நாள் அப்பன் முன்பக்கக் கம்பியில் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டான், இனி அந்தச் சைக்கிளில் இவளே போக வேண்டும், தனியாக. "அம்மா, திங்கக்கிழம நான் எந்த வழியாப் போகணும்? ரோட்டுலயா, கால்வா பக்கமா?" காலையிலிருந்து இதையே கேட்கிறாள். என்ன சொல்வாள்... ரோட்டில் போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள், கால்வாயில் அப்பன் செத்துக் கிடந்தான், மூன்றாவதாக ஒரு வழியை யார் போட்டு வைத்திருக்கிறார்கள்?

முன்பெல்லாம் சைக்கிளில் மணி இல்லை என்று அவனுக்கு ஒரு அபராதம், பின்னால் வில்லை இல்லை என்று ஒன்று, பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கும்போது, விளக்கு எங்கேடா என்று ஒன்று. அதே ரோட்டில் ஹங்கேரிக்காரக் கிழவர் கால்மான் சாராயக் கடையிலிருந்து இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக ஓட்டிக்கொண்டு வருவார், அவர் சைக்கிளில் விளக்கும் கிடையாது, மணியும் கிடையாது, பிரேக் இருக்கிறதா என்று அவருக்கே தெரியாது, "பாத்துப் போங்க மாமா, கீழ விழுந்துடாதீங்க" என்று போலீஸ் கார் ஜன்னல் வழியாகச் சிரிப்பார்கள், மாமாவாம். அவள் புருஷன் எலெமேருக்கு மட்டும் "ஏய், நீ, நில்லு." அபராதம் கட்ட வழியில்லாமல் ஒருமுறை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டும் வந்தான், சைக்கிள் மணிக்காக ஜெயிலுக்குப் போன ஆம்பிளையைக் கட்டியிருக்கிறேன் என்று அவனைக் கேலி செய்தாளே, அவனும் சிரித்தானே, ஐயோ, சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டானே. அப்புறம் அவர்கள் தெரு ஆண்கள் எல்லாருக்கும் கால்வாய்க் கரைதான் ரோடு.

கிறிஸ்துமஸுக்கு மகளுக்கு வாங்கினானோ இல்லையோ, சைக்கிளுக்கு மணியும் விளக்கும் வில்லையும் வாங்கிவந்தான், பழைய சாமான் சந்தையில் தேடித்தேடி, அடுப்படியில் உட்கார்ந்து மாட்டினான், "இனிமே ராஜா மாதிரி நடுரோட்டுல போவேன் பாருடி, எவன் நிறுத்துறான்னு பாக்குறேன்", மணியை அடித்து அடித்து உயிரை எடுத்தான், கரண்டியைத் தூக்கிய பிறகுதான் விட்டான். போனானே, ராஜா மாதிரி நடுரோட்டில்தான் போனான். மர மில்லிலிருந்து திரும்பும்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் அந்தப் போலீஸ் கார் வந்திருக்கிறது, பின்னால் வந்த அவன் கூட்டாளி பார்த்திருக்கிறான், எலெமேர் சட்டென்று சரிவில் இறங்கினானாம், கரையெல்லாம் பனி, சறுக்கிக்கொண்டு நேரே கால்வாய்க்குப் போனான், மேலே பனிக்கட்டி பாளம் கட்டியிருந்தது, தாங்கவில்லை. கார் நிற்கவில்லை. துரத்தவும் இல்லை, அவனை அவர்கள் பார்க்கவேகூட இல்லையாம், எங்கேயோ காப்பி குடிக்கப் போயிருப்பார்கள். இவன் சைக்கிளில் எல்லாம் இருந்தது, விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, பிறகு ஏனடா திருப்பினாய்... பயந்தா திருப்பினாய்? யோசித்திருந்தால் திருப்பியிருக்க மாட்டாய். கை திருப்பியிருக்கிறது. மணி மாட்டியிருப்பது கைக்கு எப்படித் தெரியும்?

பெட்ரோல் பங்க்கில் நின்று ஒரு காப்பியும் ஒரு கோகோவும் வாங்கினாள், முதல் வாயை அவனுக்காகத் தரையில் ஊற்றினாள், செத்தவனுக்குக் கொடுக்காமல் குடிக்கக் கூடாது, கல்லாக்காரி முறைத்தாள், முறைக்கட்டும். குடித்து முடித்ததும் மனதில் ஏதோ ஒரு ரோஷம் ஏறியது, போதும், அவனோடு போகட்டும் இந்த ஒளிந்து ஓடுகிற பிழைப்பு, மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "இங்க பாரு. ரோட்டுலதான் போற. உன்கிட்ட எல்லாம் இருக்கு. எவன் வந்தாலும் இறங்காத, புரிஞ்சுதா?"

"நிறுத்துனா?"

"நிறுத்துனா நில்லு. பேரச் சொல்லு. ஆனா கீழ மட்டும் இறங்காத."

"சரிம்மா" என்றாள் குழந்தை, எங்கே, ஏறி ஓட்டிக் காட்டு என்றதும் ஏறினாள், கால் எட்டவில்லை, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி மிதித்தாள், அப்பன் முதுகு அப்படியே, நடுரோட்டில் போகிறாள் என் பெண், போ கண்ணு, போ... வளைவில் கார் சத்தம். வெள்ளையும் நீலமும். மெதுவாகத்தான் வந்தது. குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சைக்கிள் தானாகச் சாய்ந்தது போல ஓரத்தில் இறங்கியது, அதைப் படுக்கப் போட்டு, பக்கத்தில் தானும் குப்புறப் படுத்து, போன வருஷத்துக் காய்ந்த புல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், எவ்வளவு சுத்தமாகச் செய்தாள், ஒரு சத்தமில்லை. இதை யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்பக்கக் கம்பியில் உட்கார்ந்து தினமும் இவளும்தானே சரிவில் இறங்கினாள்... காரில் அந்தப் புதுப் போலீஸ்காரன்தான், ஹய்னல்காவைத் தெரிந்துகொண்டு கையை வேறு ஆட்டிவிட்டுப் போனான்.

"போயிட்டாங்களாம்மா?" என்று புல்லுக்குள்ளிருந்து குரல் வந்தது. கீழே இறங்காதே என்று அவ்வளவு சொன்னேனே என்று திட்ட வாயைத் திறந்தாள், கால் ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது என்று குனிந்து பார்த்தாள், ரோட்டோரப் பள்ளத்தில், முழங்கால் வரை பனித் தண்ணீரில், அவளும்தான் நின்றுகொண்டிருந்தாள்.